கடைசி வாரம் கனம் தூக்கக் கூடாது

பவுண்டு போய் கிலோ வந்தபோது, நூல் எடை போட்ட பழைய இரும்புக் கற்களுக்குத் திருப்பூரில் வேலை இல்லாமல் போய்விட்டது. அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவற்றை ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார்கள். அப்பா கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, பக்கத்து ஊரான மண்ணரையில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார். மகளுக்கு எதுக்குய்யா எடைக்கல்லு என்று முதலாளி விழுந்து விழுந்து சிரித்தாராம். சிரிக்கட்டும். பள்ளிக்கூடத்தில் குண்டு எறிகிறவள் நான். என்னைவிடத் தூரம் எறிகிறவள் அந்தப் பக்கத்தில் எவளும் இல்லை.

எங்கள் டிரில் டீச்சர் திருநெல்வேலிக்காரர். வாயைத் திறந்தால் அதட்டல்தான். "ஏட்டி, குண்டு கையிலயா இருக்கு? காலுல இருக்கு. மொதல்ல காலை உரமாக்கு" என்பார். தோளில் கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழச் சொன்னார். இன்றைக்குத் தூக்கும் கல் லேசாகத் தோன்றும் வரை அடுத்த கல்லைத் தொடக் கூடாது. ஒரு நாள் தூக்கினால் மறுநாள் சும்மா இருக்க வேண்டும். உடம்பு உரம் ஏறுவது தூக்கும்போது அல்ல, சும்மா இருக்கும்போது என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டிக்கு முந்தின கடைசி வாரம் கனமான எதையும் தொடவே கூடாது.

இதையெல்லாம் கற்றுக்கொண்டு வந்து நான் வீட்டில் அளந்த அளப்பு இருக்கிறதே! அப்பா தலையை ஆட்டிக்கொண்டே தூங்கிப்போவார். அம்மா மட்டும் கம்பெனியிலிருந்து வாங்கி வந்த பனியன்களுக்கு நூல் பிசிறு வெட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஏங்கண்ணு, அந்தக் கடைசி வாரம் தூக்கிட்டா என்னாகும்?"

"கை செத்துப்போயிரும்மா. குண்டு காலடியிலதான் விழும்."

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பனியனை எடுத்தாள். பெற்றவளுக்கு என்ன ஒரு அக்கறை என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வருஷம் கோயமுத்தூரில் போட்டி. ஜெயித்தால் மெட்ராஸில் தங்கிப் பயிற்சி, சாப்பாடு, படிப்பு எல்லாம் கிடைக்கும். ராத்திரி பகலாக எனக்கு அதே நினைப்பு. தோற்றால் பள்ளிக்கூடத்தோடு சரி, அப்புறம் பிசிறு வெட்ட வேண்டியதுதான்.

சரியாக அந்தக் கடைசி வாரம் அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"எந்திரிக்க முடியல கண்ணு. நல்ல தண்ணிக்கு நீ போயிட்டு வந்துரு. நோம்பி வேற வருது, மாவிளக்குக்கு அரிசி இடிக்கோணும்."

எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீருக்கு ஊரைத் தாண்டிப் போக வேண்டும். குடம் குடமாகச் சுமந்தேன். வந்து உலக்கையைப் பிடித்தேன். எங்கள் வீட்டுக்கு இடித்தது போதாதென்று, பக்கத்து வீட்டுக்காரிக்கும் இடித்துக் கொடுப்பதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? டீச்சருக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்பதால் அவரிடமும் மூச்சு விடவில்லை.

கோயமுத்தூர் மைதானத்தில் குண்டை எடுத்துக் கழுத்தோடு வைத்தபோதே எனக்குத் திக்கென்றது. அது என் குண்டு மாதிரியே இல்லை. எறிந்தேன். பொத்தென்று பக்கத்திலேயே விழுந்தது. மறுபடியும் எறிந்தேன், அதைவிடக் கேவலம். நான் எப்போதும் சுலபமாக ஜெயிக்கிற பெண் ஒருத்தி முதலில் வந்தாள். அவளே என்னை நம்பாமல் பார்த்தாள். டீச்சர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து அமுக்கினார். நான் வீலென்று கத்திவிட்டேன்.

"என்னட்டி இது, கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு? என்ன செஞ்சு தொலைச்ச?"

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டொரு நாள் கழித்து, பழனிக்குப் போய் வருகிறேன் என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு கிளம்பினாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். சாயந்திரம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால், அய்யோ! அம்மா மொட்டை. இடுப்பு வரை தொங்கிய முடி ஒன்றுகூட இல்லை. தலை முழுக்கச் சந்தனம்.

"என்னம்மா இது?"

"வேண்டுதல் கண்ணு. பலிச்சுருச்சு."

இந்த வீட்டில் என்ன எழவு பலித்தது என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்க முடியாத இடுப்போடு இவள் எப்படிப் பழனி மலையில் ஏறி இறங்கினாள்?

"உனக்கு இடுப்பு வலின்னியே?"

அவள் மழுப்பவில்லை. என் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"இடுப்புக்கு ஒண்ணுமில்ல கண்ணு. உன்ற அப்பன் அந்தக் கல்ல கொண்டாந்து எறக்குன அன்னிக்கே எனக்குப் பயம் வந்துருச்சு. மெட்ராசுக்குப் போனீன்னா நீ திரும்பி வருவியா? உன்னைய எவன் கட்டுவான்? நீ தோக்கோணும்னு முருகனை வேண்டிக்கிட்டேன். அவன் குடுப்பானோ மாட்டானோன்னு உலக்கையையும் உன்ற கையில குடுத்தேன்."

கத்த வேண்டும், எதையாவது தூக்கி உடைக்க வேண்டும் என்று வெறி வந்தது. ஒன்றும் செய்யாமல் அந்த மொட்டைத் தலையையே வெறித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் நான் சொன்ன பாடத்தை ஒழுங்காகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

பையிலிருந்து பஞ்சாமிர்தத்தை எடுத்தாள். "தின்னு, சாமி பிரசாதம்" என்றாள். நான் கையை நீட்டவில்லை. அவளே என் கையை இழுத்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்தாள். அவள் இழுத்த இழுப்பில் தோள் சுரீரென்றது. இடித்த வலி இன்னும் போகவில்லை.