பெரியய்யா போடாத தபால்

முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் அக்கா சண்முகவள்ளி வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய பாரத்தை நிரப்பினாலும், கடைசிப் பட்டனை அமுக்கும் முன் அவர்களை வாய்விட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்வாள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தானே வாசித்துக் காட்டுவாள். பதிவெண் வந்து, அதை அச்செடுத்து அவர்கள் கையில் கொடுக்கும்வரை "போட்டாச்சு" என்ற வார்த்தையை மட்டும் சொல்லவே மாட்டாள்.

"என்னக்கா, ரயில்வே வேலைக்கு எழுதிப்போட வந்தவனைக் கோர்ட்டுல நிக்க வச்ச மாதிரி நிக்க வைக்கிற?" என்று நான் கிண்டல் செய்வேன். நான் அவள் தங்கை முத்தழகு. கடையில் ஜெராக்ஸ் மெஷின் என் பொறுப்பு. அக்கா சிரிக்க மாட்டாள். "போட்டாச்சு" என்று யாராவது சொன்னாலே அவளுக்கு வயிறு எரியும். எனக்கும்தான். ஏன் என்று சொல்லாமல் செத்தால் என் கட்டை வேகாது.

எங்கள் அய்யாவுக்குக் கைநாட்டுதான். மழையை நம்பி மிளகாய் போட்ட சம்சாரி. அவருக்கு எல்லாமே அவருடைய அண்ணன் செல்லச்சாமி. பத்திரம் வாசிக்க, தாலுகா ஆபீசில் பேச, யாரை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் பெரியய்யாதான். மரியாதைக்காக 'அவர்' என்று எழுதுகிறேன். வாயில் வருவது வேறு.

1985-இல் அக்கா பிளஸ் டூ. பெரியய்யா மகன் தவசியும் அதே வகுப்பு. அரைப் பரீட்சையில் அக்கா பள்ளிக்கூடத்திலேயே முதல். தவசி மூன்று பாடத்தில் கோட்டை விட்டான். டாக்டர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு வந்த புதிது அது. தலைமையாசிரியரே பாரம் வரவழைத்து அக்காவுக்குக் கொடுத்தார். அய்யா அவளை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் போட்டோ எடுத்தார். பாரத்தில் போட்டோவை ஒட்டி, பாதி போட்டோவிலும் பாதி தாளிலும் விழுகிற மாதிரி தலைமையாசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு ராமநாதபுரம் போறேன். பெரிய தபாலாபீசுல நானே பதிவுத் தபால்ல சேத்துட்டு வாரேன்" என்று பெரியய்யா கவரை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் சாயங்காலம் வந்து, "போட்டாச்சுத்தா" என்றார். ரசீது எங்கே என்று அவரிடம் யார் கேட்பது?

அக்கா பரீட்சைக்குப் படித்தாள். அப்படியொரு படிப்பு! சோறு உண்டதுகூட அவளுக்கு நினைவிருக்காது. ஹால் டிக்கெட் வரவேண்டிய நாள் நெருங்கியதும், தினமும் வெயிலில் தபாலாபீசுக்கு நடந்தாள். அப்போது எனக்குப் பத்து வயது, நானும் கூடவே ஓடுவேன். "இன்னைக்கும் வரலைத்தா" என்பார் தபால்காரர். பரீட்சை நாளும் வந்தது. அன்று காலையிலும் போனோம். திரும்பி வந்து அக்கா சுவரைப் பார்த்துப் படுத்தவள், மறுநாள்தான் எழுந்தாள்.

"நம்ம தலையெழுத்து. விடுத்தா" என்றார் பெரியய்யா. ஆவணியில் மாப்பிள்ளையும் அவரே பார்த்தார். முதுகுளத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த கூத்தையா. அத்தான் தங்கமான மனுஷன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணமான பத்தாம் நாள் அத்தானின் டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்திய அக்கா, உள்ளே தன் போட்டோவைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் பச்சை மையில் பாதிக் கையெழுத்து.

"இது ஏது?" என்று அத்தானிடம் கேட்டிருக்கிறாள்.

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னால உங்க பெரியய்யா குடுத்தாரு. ஓரத்துல என்னடா பச்சையா இருக்குன்னு நானும் நெனச்சேன்."

பாரத்தைப் போடவில்லை. அது மட்டுமா? அதில் ஒட்டியிருந்த போட்டோவை உரித்து எடுத்து, அதையே கல்யாணத்துக்குக் காட்டியிருக்கிறார். படுபாவி! வீட்டில் வேறு போட்டோ இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அக்கா அந்தப் போட்டோவை அய்யாவிடம் கொண்டுவந்து காட்டினாள். அய்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது. "கூடப்பொறந்த அண்ணனை நான் எப்புடித்தா கேப்பேன்?" என்றார். சாகும்வரை கேட்கவே இல்லை. அவர் கேட்காததால் அக்காவும் கேட்கவில்லை. நல்லது கெட்டதுகளில் பெரியய்யாவைப் பார்த்தால் "வாங்க" என்பாள். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

"நீ கேக்கவே மாட்டியாக்கா?"

"கேப்பேன். கேக்குற இடம் வரட்டும்."

அத்தான் இரண்டாயிரத்து ஒன்றில் இறந்தார். அக்கா டைப்ரைட்டர்களை விற்று, நாலு கம்ப்யூட்டர் வாங்கி, பிளைவுட் தடுப்பு வைத்துக் கடையைத் திறந்தாள். அந்தக் கடைக்குத்தான் 2008 டிசம்பரில் பெரியய்யா வந்தார், பேத்தி உமையாளைக் கூட்டிக்கொண்டு. தவசி சிங்கப்பூரில் டிரைவர். அவன் மூத்த மகள் இவள். அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு ஆன்லைனில் பதிய அன்று கடைசி நாள். முதுகுளத்தூரில் மற்ற இரண்டு கடையிலும் நெட் இல்லை.

"சண்முகவள்ளி, நம்ம புள்ள டாக்டராகப் போகுதுத்தா. எப்புடியாச்சும் போட்டு விட்டுரு" என்றார். 'நம்ம புள்ள'யாம்! ஜெராக்ஸ் மெஷினைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் அடங்கினேன். உமையாளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இமெயில் ஐடி ஆரம்பித்தாள், பாஸ்வேர்டை அவளையே போடச் சொன்னாள், பெயரும் இனிஷியலும் மார்க் ஷீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். போட்டோ அளவு பெரிது என்று கம்ப்யூட்டர் மூன்று தடவை திருப்பி அனுப்பியது. நாலாவது தடவை ஏற்றுக்கொண்டது. தபால் முகவரி கேட்கும் இடத்தில் அக்கா தன் கடை முகவரியைக் கொடுத்தாள்.

"ஊருக்குத் தபால்காரன் நெனச்சா வர்றான், நெனைக்காட்டிப் போறான். இங்கன வந்தா பத்திரமா இருக்கும். என்ன பெரியய்யா?"

"நீ சொன்னாச் சரித்தா."

பதிவு முடிந்தது. அச்செடுத்த தாளில் போட்டோ ஒட்டி, கைநாட்டு வைத்து, தபாலிலும் அனுப்ப வேண்டும். பெரியய்யா கவருக்குக் கை நீட்டினார். "குடுத்தா, நான் போட்டுட்டு வாரேன்."

"வேணாம் பெரியய்யா. நீங்க போட்டது போதும்" என்றாள் அக்கா.

அவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு வெற்றிலைப் பையைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அக்காவும் உமையாளும் தபாலாபீசுக்குப் போனார்கள். ரசீதை ஜெராக்ஸ் எடுத்து உமையாளிடம் கொடுத்தேன்.

மார்ச் வந்தது. உமையாளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. ஹால் டிக்கெட் வந்ததா என்று கேட்க பெரியய்யா போன் செய்வார். "ஹலோ? யாரு பேசுறது? ஒண்ணும் கேக்கலையே" என்று அக்கா வைத்துவிடுவாள். வேறு வழி? எழுபத்தாறு வயதில், முட்டிவலியோடு, தினமும் பஸ் ஏறி வந்தார். வாசலில் நின்று, "வந்துருச்சாத்தா?" என்பார்.

"இன்னைக்கும் வரலை பெரியய்யா."

உண்மையாகவே வரவில்லை, அக்கா பொய் சொல்லவில்லை. அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதைப் பார்க்க எனக்குக் கறிச்சோறு தின்ற மாதிரி இருக்கும். பதினோரு நாள் இப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் காலையில் கவர் வந்தது.

"கிழிச்சுப் போடுக்கா" என்றேன். "வரவே இல்லைன்னு சொல்லிரு. பரீட்சை அன்னைக்கு அந்தாளும் செவுத்தைப் பாத்துப் படுக்கட்டும்."

"கூறுகெட்டவளே, அந்தப் புள்ள நமக்கு என்ன பண்ணுச்சு?" என்றாள். கவரை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள்.

மத்தியானம் பிளஸ் டூ பரீட்சை முடிந்து உமையாள் வந்ததும் கவரை அவள் கையிலேயே கொடுத்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "ஆத்தா, எனக்காக ஒண்ணு செய்யி. அந்தத் தடுப்புக்குள்ள போயி உக்காரு. உங்க தாத்தா வருவாரு. நாங்க பேசி முடிக்கிறவரைக்கும் வெளிய வராத" என்றாள் அக்கா. புள்ளை விழித்தது. ஆனால் போய் உட்கார்ந்தது. அவளைச் சாட்சிக்கு வைத்தது சரியா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அக்காவுக்கு வேறு சாட்சி கிடையாது.

பெரியய்யா வந்தார். "வந்துருச்சாத்தா?"

"வந்துருச்சு. உள்ள வந்து உக்காருங்க. என் பாரத்தை என்ன பண்ணுனீங்கன்னு சொல்லுங்க. அப்பறம் பேத்தி ஹால் டிக்கெட்டைப் பத்திப் பேசுவோம்."

"எந்தப் பாரம்?"

"எம்பத்தஞ்சுல அய்யா உங்க கையில குடுத்த பாரம். அதுலருந்து என் போட்டோவை எப்புடி உரிச்சீங்க? தண்ணி தொட்டா, ஆவி புடிச்சா? எம் புருஷன் பெட்டியில பச்சைக் கையெழுத்தோட கெடந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார், கடையில் இருந்த இரண்டு பையன்களைப் பார்த்தார். கெஞ்சுவார் என்று நினைத்தேன். அந்த மனுஷனுக்குக் கெஞ்ச வராது. கோபம்தான் வந்தது.

"ஆமா, போடலை! என்ன இப்ப? கெணத்துல வீசுனேன். எம் மகன் மாடு மேய்க்க, தம்பி மக டாக்டராகுறதா? ஆம்பளப் புள்ளைக்கு முன்னால ஒரு பொட்டச்சி முந்துனா அந்தக் குடும்பம் வெளங்குமா? இன்னைக்கு அந்த நெலமை வந்தாலும் அதைத்தான் செய்வேன்!"

பிளைவுட் தடுப்புக்குள்ளிருந்து நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. உமையாள் வெளியே வந்தாள். கையில் ஹால் டிக்கெட்.

"ஆத்தா... நீ இங்கனயா இருக்க?" பெரியய்யாவின் குரல் ஒரே நொடியில் இறங்கிவிட்டது.

உமையாள் அழவில்லை. அவளுக்கு இரண்டு வயது இளையவன் ஒரு தம்பி உண்டு, பத்தாவது படிக்கிறான். அவள் கேட்டாள்:

"தாத்தா, தம்பியும் என்கூட இந்த வருசமே எழுதியிருந்தா, என் பாரத்தையும் கெணத்துல போட்டிருப்பீங்களா?"

அவர் குனிந்து வெற்றிலைப் பையைத் தேடினார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். வரவில்லை. புள்ளை காத்திருந்து பார்த்தது. பிறகு அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொண்டது.

"நீங்க போங்க தாத்தா. மதுரையில பரீட்சைக்கு நான் அத்தைகூடப் போய்க்கிறேன்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பஸ் வர அரை மணி நேரம் ஆனது. அதுவரை வெயிலில் நின்றார். யாரும் கூடப் போகவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு, வாசலில் நின்று முழுசாகப் பார்த்தேன். பாவம் என்று ஒரு சொல் என் வாயில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.