கதவு தட்டும் பேய்

பெண்கள் பள்ளி நாடகங்களுக்கெல்லாம் உடுப்புத் தைப்பவள் ஊர்த் தையல்காரிதான். வாய் கொஞ்சம் நீளம். "ராஜா, மூச்ச உள்ள இழுங்க, பொத்தான் தெறிச்சிடும்" என்று ராஜா வேஷக்காரியைச் சீண்டாமல் ஊசியைத் தொடமாட்டாள். இந்த வருஷம் பெண்கள் தாங்களே எழுதிய நாடகம் எதைப்பற்றி என்று கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். கதவு தட்டும் பேய். அந்தப் பேயாக நடிக்கப்போவது அவள் மகள்.

ஊருக்கே தெரிந்த பேய் அது. இருட்டியதும் வந்து தட்டும், திறந்தால் போச்சு. வயசுப் பெண்கள் வெளியே கிளம்பினால் இந்தக் கதையைச் சொல்லித்தான் உட்காரவைப்பார்கள். அது யார் என்பது பலருக்கு மறந்துவிட்டது. தையல்காரி மறப்பாளா? கூடப்பிறந்த அக்கா அல்லவா!

அக்காவுக்கு அப்போது பதினேழு. நர்ஸ் படிப்பில் சேர, அப்பாவிடம் சொல்லாமல் பக்கத்து நகரத்துக்குப் போனாள். திரும்பும் பஸ் தவறிவிட்டது. இருட்டியபின் வந்து தட்டியபோது, "வெளிய நிக்கிறது பேய். யாரும் தொறக்கக் கூடாது" என்றார் அப்பா. காலையில் குளத்தில் கிடந்தாள். பாவி மனுஷன் சொன்ன அந்த ஒரு சொல்லை ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மகளிடம் இதை அவள் சொன்னதே இல்லை. பேய்க்குக் கால் கிடையாதே என்று பாவாடையைத் தரை புரளத் தைத்துக் கொடுத்தாள். மகள் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"எங்க பேய்க்குக் கால் இருக்கும்மா. அது பேயே இல்ல. வீட்டுக்குத் திரும்பி வந்த பொண்ணு."

தையல்காரி பாவாடையை வாங்கிக் கால் தெரியும்படி மடித்துத் தைத்தாள். இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்னவர் ஒருவர் உண்டா? ஊர் முன்னால் இது ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டால் போதும், அக்கா பேய் என்ற பேர் போய்விடும் என்று ஏங்கினாள். ஆனாலும் ஒத்திகைப் பக்கம் போக மனசு வரவில்லை.

நாடகத்தன்று, கிழிசல் ஏதும் ஏற்பட்டால் தைக்க, மேடைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். மகள் தட்டுவாள், கதவு திறக்காது, அழுதுகொண்டே போய்விடுவாள் என்று சொல்லியிருந்தார்கள். தவறித் திறந்துவிடாமல் தாழ்ப்பாளும் போட்டிருந்தது.

மகள் தட்டினாள். "அப்பா, நான்தாம்ப்பா. கதவத் தொறங்க."

அன்று தையல்காரிக்கு ஐந்து வயது. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறியும் தாழ்ப்பாள் எட்டவில்லை. இன்று எட்டியது.

கழுத்தில் அளவு நாடாவோடு அவள் மேடையில் நிற்பதைப் பார்த்துக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. மகள் திகைத்துப் பார்த்தாள். தையல்காரி அவள் கையைப் பிடித்தாள்.

"உள்ள வாக்கா. எவ்வளவு நேரமா நிக்கிற."

சிரிப்பு அடங்கியது. முதலில் அடங்கியது வயதானவர்களின் சிரிப்பு.