அருள்பாண்டியின் பனிக்காலக் கஷ்டங்கள்

ஒரகடத்தில் லாரிகளுக்கு செல்ஃப் மோட்டார் செய்யும் அந்தக் கம்பெனியில் போய் அருள்பாண்டி என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் தெரியாது. "பனிக்குப் போற பாண்டி" என்று கேட்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் கேன்டீனில் நாலு பேர் உச்சுக்கொட்டுவார்கள். "பாவம்ப்பா அந்த ஆளு" என்பார்கள். அந்தப் பாவத்தை அவன் என்ன பாடுபட்டுச் சம்பாதித்தான் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்!

சொந்த ஊர் வள்ளியூர். டிப்ளமோ முடித்த கையோடு 2006-ல் இங்கே வந்து, சேரப்பணஞ்சேரியில் ஓர் அறையில் எட்டாவது ஆளாகப் பாய் விரித்தான். அந்த வாழ்க்கையில் எல்லாமே வரிசைதான். கக்கூசுக்கு வரிசை, குழாயடிக்கு வரிசை, கம்பெனி பஸ்ஸுக்கு வரிசை, கார்டு அடிக்க வரிசை, கேன்டீனில் சாம்பாருக்கு வரிசை. தூங்கும்போதுகூட முன்னால் ஒருத்தன் முதுகு, பின்னால் ஒருத்தன் முழங்கால். அதில் அவனுக்குப் பெரிய வருத்தமெல்லாம் இல்லை. உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

2009-ல் பொங்கல் லீவு முடிந்து வந்ததும் மேனேஜர் நரசிம்மன் அவனைக் கூப்பிட்டார்.

"மணாலிக்கு மேல ஒரு மலைக் கிராமம். சோதனை வண்டி ரெண்டு அங்க போகுது. கடுங்குளிர்ல நம்ம மோட்டார் எஞ்சினைக் கிளப்புதான்னு பார்க்கணும். மாசி கடைசிலதான் திரும்ப முடியும். எல்லாரும் தலை தெறிக்க ஓடறாங்க. நீயாவது போறியா?"

முடியாது என்று சொல்லத் தெரியாத பிள்ளை. போனான்.

அங்கே வேலை என்னவென்றால், ராத்திரி முழுக்க வண்டி வெட்டவெளியில் நிற்கும். விடிந்ததும் ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்ப வேண்டும். எஞ்சின் பிடித்ததா, எவ்வளவு நேரத்தில் பிடித்தது என்று குறித்துக்கொண்டு அணைத்துவிட வேண்டும். அதோடு சரி. எஞ்சின் மறுபடி எலும்பு வரை குளிர்ந்தால்தான் அடுத்த சோதனை செல்லும். அதனால் மறுநாள் விடியும்வரை யாரும் வண்டியைத் தொடவே கூடாது, அது கண்டிப்பான விதி. கூட வந்த டிரைவர்கள் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் புகுந்து சீட்டுக்கட்டை எடுத்தார்கள். அருள்பாண்டிக்குச் சீட்டு ஆடத் தெரியாது. வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டிக்குக் காவலிருந்த பிரேம்சிங்குக்கு ஆப்பிள் தோட்டம் உண்டு. குளிர்காலத்தில் அவருக்கும் வேலை கிடையாது. பொழுது போகாத இரண்டு பேர் சேர்ந்தால் என்ன நடக்கும்? ஒரு நாள் அவர் இரண்டு நீளமான மரச் சறுக்குக் கட்டைகளைக் கொண்டுவந்து இவன் காலில் மாட்டிவிட்டார். இவனுக்குத் தெரிந்த இந்தி, சரி என்று சொல்லும் 'டீக் ஹை' ஒன்றுதான். அவர் என்ன சொன்னாலும் டீக் ஹை என்றான், விழுந்தான், எழுந்தான். இடுப்பில் அடி, முழங்காலில் அடி, ஒரு தடவை ஆப்பிள் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகொரு நாள் பிரேம்சிங் அவனைத் தோட்டத்துக்கு மேலே வெகுதூரம் ஏற்றிக் கூட்டிப் போனார். கீழே பள்ளத்தாக்கில் டூரிஸ்ட்டுகள் வாடகைக் கோட்டு மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஓர் ஈ காக்கை இல்லை. முந்தின ராத்திரி விழுந்த பனி, சலித்த புட்டுமாவு மாதிரி பொலபொலவென்று கிடந்தது. அதில் ஒரு காலடி இல்லை, ஒரு கோடு இல்லை. அருள்பாண்டி தன் வழக்கப்படி முன்னால் யார் என்று பார்த்தான். யாரும் இல்லை. பின்னால் பார்த்தான். பிரேம்சிங் பீடி பற்ற வைத்துக்கொண்டு, நீ போ என்று தலையாட்டினார்.

போனான் ஐயா, போனான்! முழங்கால் வரை பனி சத்தமில்லாமல் விலகி வழி விட்டது. உடம்பில் எடையே இல்லை. அடிவாரத்துக்கு வந்து நின்றபோது கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. காற்றுக்கு வந்ததாக்கும் என்று முதலில் நினைத்தான். இல்லை, சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

திரும்பி வந்தவன் அந்த வாயால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பயல் என்ன சொன்னான் தெரியுமா? "ஐயோ, அது மனுசன் இருக்க எடமா? மூக்கு அறுந்து விழுந்திரும் போல இருக்கு." நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அடுத்த வருஷம் கூட வேலை பார்க்கும் கொம்பையா போட்டிக்கு வந்து நிற்பான் என்ற பயம் ஒன்று. கம்பெனி சம்பளத்தில் போய்ச் சறுக்கி விளையாடினேன் என்று சொல்லக் கூச்சம் இன்னொன்று. ஆக, ஒவ்வொரு வருஷமும் போனான், ஒவ்வொரு வருஷமும் புலம்பினான். புலம்பலில் அவன் கைதேர்ந்துவிட்டான். பிரேம்சிங் பரிசாகக் கொடுத்த பழைய சறுக்குக் கட்டைகளை லாரியிலேயே கொண்டுவந்து, சாக்கில் சுற்றிப் பரணில் போட்டு வைத்தான்.

இடையில் அத்தை மகள் செல்வலட்சுமியைக் கல்யாணம் செய்துகொண்டான். ஆபிரகாம் என்ற உள்ளூர்க்காரரின் வீட்டில் பின்கட்டில் குடித்தனம். அவளுக்குச் சுங்குவார்சத்திரம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, மாதத்தில் பாதி நைட் ஷிப்ட். பரணில் இருப்பது என்ன என்று கேட்டவளிடம் கம்பெனி ஸ்பேர் என்றான். மலையிலிருந்து போன் போடும்போதெல்லாம் அவளிடமும் அதே மூக்குப் பாட்டுதான்.

2013 சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, நரசிம்மன் முகமெல்லாம் சிரிப்பாகக் கூப்பிட்டார்.

"பாண்டி, உன் கஷ்டத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கலப்பா. கிண்டி ஹெட் ஆபீஸ்ல ஒரு சீட் பேசி முடிச்சுட்டேன். ஏசி ரூம். ரெண்டு வருஷத்துல அசிஸ்டென்ட் மேனேஜர். இனிமே நீ அந்தப் பனிப்பக்கமே தலைவைக்க வேண்டாம். திங்கட்கிழமை கையெழுத்து போட்டுடு."

அருள்பாண்டி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்து வீட்டில் விஷயத்தைச் சொன்னான். செல்வலட்சுமிக்கோ தலைகால் புரியவில்லை. "நான் வேண்டுன தெய்வம் கைவிடலை அத்தான்!" என்றாள். மணிமங்கலம் பெருமாளிடம் வேண்டியிருந்தாளாம், இவனைப் பனியிலிருந்து காப்பாற்றினால் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறேன் என்று. ஞாயிற்றுக்கிழமை குளித்து முழுகி, தூக்குவாளியோடு கிளம்பிப் போய்விட்டாள்.

இவன் தனியாக உட்கார்ந்து யோசித்தான். கிண்டி என்றால் சம்பளம் கூடும், மரியாதை கூடும், அவளுக்கு நைட் ஷிப்ட் வேண்டாம். இந்தப் பக்கம் இருப்பது என்ன? பனி. அதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கட்டைகளைக் காயலான் கடையில் போட்டுவிடலாம் என்று பரணிலிருந்து இறக்கினான். சாக்கைப் பிரித்தான். பிரித்திருக்கக் கூடாது.

வீட்டுக்குப் பின்னால் காலி மனை. ரோடு அகலப்படுத்தும் கான்ட்ராக்டர் அங்கே கல் உடைக்கும் கிரஷர் தூளை மாடி உயரத்துக்குக் கொட்டி வைத்திருந்தார். உச்சி வெயில், ஆள் நடமாட்டமில்லை. கடைசியாக ஒரே ஒரு தடவை என்று, கட்டைகளின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டு உச்சிக்கு ஏறினான். சறுக்கினான். மறுபடி ஏறினான்.

ஆபிரகாம் மாடியில் துணி எடுக்க வந்தவர், பதறிப்போய்த் தெருவில் வந்துகொண்டிருந்த செல்வலட்சுமியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா செல்வி, ஓடியா! உன் வூட்டுக்காரு கால்ல இன்னாத்தையோ கட்டிகினு தூள் மேட்டுலேர்ந்து குதிக்கிறாரு! வெயில்ல மூளை கீளை கலங்கிச்சா இன்னா?"

அவள் ஓடிவந்தபோது அவன் பாதி மேட்டில் வந்துகொண்டிருந்தான். உடம்பெல்லாம் தூள், வாயெல்லாம் சிரிப்பு. அவளைப் பார்த்ததும் நிலைதடுமாறி அவள் காலடியிலேயே வந்து விழுந்தான். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? ஆப்பிள் தோட்டம், பிரேம்சிங், புட்டுமாவுப் பனி என்று எல்லாவற்றையும் கொட்டினான்.

அவள் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க குளிருல கெடக்கியன்னு, நீங்க போற மாசமெல்லாம் நான் ஃபேன் போடாமப் படுத்தேன் அத்தான்."

"என்னது?"

"மாசி மாசத்துல, இந்தக் கொசுவுல! அங்க அவுக வெறைக்காக, நமக்கு என்ன சொகம்னு. ஒரு ஐஸ் தின்னிருப்பேனா? நீங்க என்னடான்னா அங்க ஜாலியாச் சறுக்கியிருக்கிய!"

தூக்குவாளியால் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். ஆபிரகாம் மாடியில் நாகரிகமாகத் திரும்பி நின்றுகொண்டார். அழுதாள், திட்டினாள், மூக்கைச் சிந்தினாள். அப்புறம், "இன்னொரு தடவை போங்க, நான் சரியாப் பாக்கல" என்றாள்.

போனான். இந்த முறை விழாமல் வந்தான். அவள் மேட்டைப் பார்க்கவில்லை, கட்டையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை.

"கிண்டில இது உண்டா?"

"கிண்டில ஏசி உண்டு."

"ஏசியக் கொண்டு குப்பையில போடுங்க."

"ஏளா, யோசிச்சுச் சொல்லு. போனா ஒனக்கு நைட் ஷிப்ட் இல்ல. விட்டா இந்த மாதிரி சீட்டு மறுபடி வராது."

அவள் யோசித்தாள். விளையாட்டில்லை, நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது கால் எப்படி வீங்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"வராட்டாப் போகட்டும். மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கிற மேனேஜரு எனக்கு வேண்டாம். ஆனா ஒரு கண்டிசன். என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போவணும்."

பிறகு இரண்டு பேரும் தூள் மேட்டின் அடியில் உட்கார்ந்து, பனியிலிருந்து காப்பாற்றியதற்காகப் படைத்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றார்கள். பெருமாளிடம் போய் வேண்டுதலை வாபஸ் வாங்கும் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள்.

திங்கட்கிழமை நரசிம்மன் ஆடிப்போனார். "நீதானே மூக்கு போச்சுன்னு அழுதே?"

"அது சும்மா சார்."

"சும்மாவா! நான் ஹெட் ஆபீஸ்ல எத்தனை பேர்கிட்ட பேசியிருக்கேன் தெரியுமா?" இரண்டு வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சீட் கொம்பையாவுக்குப் போயிற்று. இப்போது அவன் காரில் வருகிறான், கூட்டங்களில் அருள்பாண்டி அவனை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கிறது. கூப்பிடும்போது சுருக்கென்று இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று பொய் சொல்வானேன். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் அது மறந்துபோகும்.

2015 மாசியில் செல்வலட்சுமியும் லீவு போட்டுவிட்டுக் கடைசி வாரத்துக்கு வந்தாள். தலையோடு மஃப்ளர் சுற்றி, பிரேம்சிங் மனைவியின் கம்பளிக் கோட்டுக்குள் மூழ்கி, முதல் நாள் முழுக்க விழுந்தாள். இரண்டாம் நாள் பாதி விழுந்தாள். மூன்றாம் நாள் ஒரு சின்னச் சரிவில், முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லாத பனியில், கூவிக்கொண்டே தானாக இறங்கி வந்தாள். வந்த வேகத்தில் பனியிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தாள். அவளைத் தூக்கிவிடப் போன அருள்பாண்டியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வள்ளியூரிலிருந்து அவள் அம்மா பேச்சி.

"எம்மா, எப்படி இருக்கே? குளிரு தாங்குதா?"

செல்வலட்சுமி புருஷனைப் பார்த்தாள். வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள்.

"ஐயோ, அதை ஏன் கேக்க! மனுசன் இருக்க எடமா இது? மூக்கு அறுந்து விழுந்திரும் போல இருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா எம்மா, நீ ஃபேனைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கணும், கேட்டியா?"