ஒரு நூல் பிசகாத பெல்ட்

ரப்பர் கருகும் வாசனைக்கு எனக்குள் ஒரு முகம் உண்டு. கோவில்பட்டி பேருந்து நிலையத்தில், அவசரமாய் பிரேக் போட்டு நின்ற ஏதோ ஒரு டவுன் பஸ்ஸின் அடியிலிருந்து அது எழுந்து வரும். உடனே எட்டயபுரம் சாலையோரத் தகரக் கொட்டகை ஒன்றில், ஸ்டூலில், இரண்டு முழங்காலிலும் கைகளை ஊன்றி உட்கார்ந்திருக்கும் புதூர்க்காரர் ஒருவர் எனக்கு முன்னால் வந்துவிடுவார். நல்ல கனத்த உடம்பு. நகரவே மாட்டார். அன்றைக்கும் லேசில் நகரவில்லை.

கொட்டகை என் மச்சினனின் தச்சுப் பட்டறை. புதூர்க்காரர் விவசாயி. தன் வரப்பில் நின்ற வேம்பை அறுத்துக் கொண்டுவந்து, புது வீட்டின் தலைவாசல் நிலைக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் காலை, ராகு காலம் பிறப்பதற்கு முன் நிலை வைத்தாக வேண்டும். நானும் மச்சினனும் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்கள், எங்களுக்கு ராகு காலம் கிடையாது. ஆனால் எங்களுக்கு வேலை கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இருந்ததால், அந்தச் சாலையிலேயே பெரிய நாள்காட்டி எங்கள் பட்டறைச் சுவரில்தான் தொங்கியது.

ஐப்பசி மாதம். வானம் காலையிலிருந்தே இறங்குவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. கரிசலில் ஒரு மழை விழுந்தால் போதும், வண்டிப் பாதை சக்கரத்தைப் பிடித்து வாயில் போட்டுக்கொள்ளும். மழைக்கு முன்னால் நிலை கிளம்பியாக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் மரம் கொடுத்தவர்கள் வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். நம்பிக்கை இல்லாமல் இல்லை என்பார்கள். வெட்டி விழும் துண்டுகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டே சொல்வார்கள். புதூர்க்காரரின் ஸ்டூலுக்கு அடியிலும் ஒரு சாக்கு இருந்தது.

நிலையின் கடைசிக் கால் இழைப்பு மெஷினுக்குள் பாதி போயிருந்தபோதுதான் அந்தச் சத்தம். பெல்ட் அறுந்து துள்ளி, சுவரில் அடித்து, மரத்தூளில் விழுந்து சுருண்டது. கருகல் நெடி. மரம் ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்த ஆளைப்போல வெளியே வந்தது.

“என்ன தம்பி, நின்னுட்டு?”

“பெல்ட் அறுந்துட்டு அண்ணாச்சி” என்றான் மச்சினன்.

“நிலைக்கு ஒண்ணும் இல்லையே?”

“அதுக்கு என்ன, சொகமா படுத்துக் கெடக்கு.”

“அதைத்தான் சொல்லுதேன். நாளைக்கு அது நிக்கணும். கையால இழையேன்.”

“உங்க வேம்புக்குச் சாணுக்கு ஒரு கணு. கையால இழைச்சா நிலை உங்க ஊருக்கு வராது, நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்.”

அளவு என்றால் மச்சினனுக்கு வெறி. ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்து, அந்த நூலிலும் பாதியைத் தேடுகிறவன். பெண் பார்க்கப் போன இடத்தில், அந்த வீட்டு வாசல் நிலை ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்று மாமனாராக வேண்டியவரிடம் சொல்லிவிட்டு வந்தவன். அறுந்த பெல்ட்டின் இரண்டு முனைகளையும் ஒட்டவைத்து, டேப்பைச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தான். பிறகு அதை என் தோளில் போட்டான்.

“அத்தான், கோவில்பட்டிக்கு ஓடுங்க. இந்தச் சாம்பிளுக்கு ஒரு நூல் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. கடைக்காரர் கையில கெடச்சதைத் தலையில கட்டப் பாப்பாரு. விட்டுறாதீங்க.”

பஸ்ஸில் கண்டக்டர் என் தோளில் தொங்கிய கறுப்புச் சங்கதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உசுரோட இருந்தா அதுக்கும் டிக்கெட் எடுக்கணும் அண்ணாச்சி.”

கடையில் பெல்ட்டுகள் கூரை முழுக்கத் தொங்கின. கடைக்காரர் பழையதைக் கையில் வாங்கினார். நம்பர் தேய்ந்து போயிருந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“அறும்போது நல்லா இழுபட்டு நீண்டிருக்கும். ஒரு சைஸ் சின்னதா கொண்டு போங்க.”

தலையில் கட்டப் பார்க்கிறார்! விடுவேனா. “சாம்பிள் அளவுக்கே குடுங்க. ஒரு நூல் கொறஞ்சாலும் வேண்டாம்.”

“உங்க இஷ்டம். கழுத்துல மாலையா போடன்னாலும் கேட்ட அளவுதான் குடுப்பேன்.”

கொண்டுபோனேன். மச்சினன் புதியதைப் பழையதோடு வைத்துப் பார்த்தான். ஒரு நூல் பிசகவில்லை. முகம் மலர்ந்தது. புல்லியில் மாட்டினான். பெல்ட், பிள்ளையைப் போடலாம் என்பதுபோல, தொட்டிலாகத் தொங்கியது. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உற்சாகமாய்ச் சுற்றியது. மெஷின் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. புது ரப்பரும் கருக ஆரம்பித்தது.

“பழசும் இந்த அளவுதானே இருந்தது?” என்றான் மச்சினன், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல.

“அது அறும்போது இழுபட்ட அளவு மாப்ளே. ஓடுனப்ப இருந்த அளவு இல்லை” என்றேன். கடைக்காரர் சொன்னதை அவனிடம் சொல்லவில்லை.

மெஷினுக்கு அடியில், தரையில் தனிச் சட்டத்தில் நின்ற மோட்டாரை, போல்ட் நகரும் காடி முடியும் மட்டும் கீழே இறக்கினோம். இன்னும் இரண்டு விரல் தொய்வு. மறுபடி கோவில்பட்டி போய்த் திரும்பினால் இருட்டிவிடும். மேற்கே வானம் கரிசல் நிறத்துக்கு வந்திருந்தது. தரையில் எறும்புகள் வீடு மாற்றிக்கொண்டிருந்தன. அப்போது புதூர்க்காரரின் செல்போன் அடித்தது.

“ஆமா, வண்டியில ஏத்தியாச்சு. கயிறு கட்டுதாங்க” என்றார், தரையில் கிடந்த நிலையைப் பார்த்துக்கொண்டே. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தபோது அந்தப் பெரிய முகம் சின்னதாகியிருந்தது.

“போன தடவை நாள் குறிச்சு, நான் மிளகாய் விக்கப் போன எடத்துல பிந்திட்டேன் தம்பி. நேரம் தவறிப் போச்சு. இந்தத் தடவையும் தவறுச்சுன்னா, வீட்டைக் கட்டி முடிச்சாலும் எங்க வீட்டம்மா என்னை மட்டும் வெளியிலதான் வச்சிருப்பா.”

எனக்கு மெஷின்மேல் கோபம் வந்தது. “மோட்டார் கீழ போகாதுன்னா மெஷின் மேல போகட்டும் மாப்ளே!”

கோபத்தில் சொன்னதுதான். மச்சினன் பிடித்துக்கொண்டான். மெயினை அணைத்துவிட்டு, மெஷினின் நான்கு கால்களின் போல்ட்டையும் தளர்த்தினான். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கட்டை வைத்தால் தொய்வு போய்விடும். கட்டை? இரண்டு பேரும் ஸ்டூலுக்கு அடியில் இருந்த சாக்கைப் பார்த்தோம்.

“எம் மரத்துலயா?” என்றார் புதூர்க்காரர். பிறகு வானத்தைப் பார்த்தார். சாக்கை அவரே அவிழ்த்தார்.

கட்டை கிடைத்தது, மெஷின் அசையவில்லை. முழு இரும்பு. கடப்பாரையை அடியில் கொடுத்து நானும் மச்சினனும் தொங்கினோம். எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. புதூர்க்காரர் ஸ்டூலைவிட்டு எழுந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசல் படியில் உட்காருவதுபோல நிதானமாய்க் கடப்பாரையின் நுனியில் உட்கார்ந்தார். மெஷின், பெரிய மனுஷனைக் கண்டு எழுந்ததுபோல, மரியாதையாய் எழுந்தது.

மச்சினன் கட்டையை வைத்தானா? டேப்பை எடுத்தான்.

“இது அரை நூல் கூடுது அத்தான். வேற குடுங்க.”

“ஏலே, என்னை இங்கன அந்தரத்துல வச்சுக்கிட்டு நூல் பாக்குதியே!”

“அசையாதீங்க அண்ணாச்சி, அளவு மாறுது.”

“என் இடுப்பே மாறிரும்போல இருக்குலே!”

முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை. உட்கார்ந்தே நான்கு காலையும் தூக்கிக் கொடுத்தார். போல்ட்டை முறுக்கி, சுவிட்சைப் போட்டதும் பெல்ட் விறைத்துச் சுற்றியது. வேம்பின் கசந்த தூள் எங்கள் மூன்று பேர் தலையிலும் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடாமல், மறு கன்னமும் சவரமாகி வந்த மரத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

பொருத்துகளை மச்சினன் கையாலேயே வெட்டி முடித்தான். நிலை குட்டியானை வண்டியில் ஏறியது. தார்ப்பாயைக் கட்டும்போது அதன்மேல் முதல் துளிகள் சடசடத்தன. புதூர்க்காரர் டிரைவருக்குப் பக்கத்தில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டினார்.

“வெள்ளன வந்துருங்க, ரெண்டு பேரும். கடப்பாரை நம்ம வீட்டுலயே கெடக்கு. அதுல உக்கார மட்டும் வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க.”