அப்பா தெரிந்தெடுத்த கனெக்டர்

கண்டாவளையில் எங்களிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. இரண்டு வருடம் வைக்கோலுக்குள் கிடந்ததில் அதன் வயர்களை எல்லாம் எலி தின்றுவிட்டது. அம்மாவுக்கு எட்டாம் மாதம் நடந்தபோதுதான் அப்பா அதை வெளியே இழுத்தார். அப்போது எனக்குப் பத்து வயது.

ஏன் இழுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். முந்தின வருடம் எனக்கு ஒரு தம்பி பிறந்து செத்துப்போனான். வலி வந்ததும் அப்பா அம்மாவைச் சைக்கிளின் பின்னால் இருத்தி ஆசுப்பத்திரிக்கு மிதித்தார். பாதி வழியில் செயின் அறுந்தது. புறப்படும்போதே எங்கள் எதிர்வீட்டு முற்றத்தில் ஒரு மாட்டுவண்டி நின்றது. அப்பா அதைக் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு ஓடிவந்து குடியேறியவர்கள். வயல் வேலைக்கு அவர்களைக் கூப்பிடுவார். வண்டி கேட்டு அவர்கள் படலையில் நிற்க மாட்டார். காரணம் இவ்வளவுதான். இதைவிட மரியாதையாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த மோட்டார் சைக்கிளுக்குப் பற்றறி தேவையில்லை. எஞ்சினுக்குள் சுற்றும் காந்தத்திலிருந்து ஒரு வயர் புறப்பட்டு, எண்ணெய்த் தாங்கிக்குக் கீழே இருக்கும், பொறி எழுப்பும் கொயிலுக்குப் போகும். அந்த ஒரு வயர் விட்டால் வண்டி நின்றுவிடும். லைட்டும் ஹோனும் வேலை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன. ஆனால் வன்னிக்குள் வயர் வராது, பற்றறி வராது, பெற்றோல் வராது. யுத்த காலம், எல்லாம் அரசாங்கத்தின் தடை. பிள்ளை பெறப்போகிற ஒருத்திக்கு ஒரு முழ வயரைத் தடுத்து வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

வயர் எங்கள் வீட்டுச் சுவரிலேயே இருந்தது. கரண்ட் நின்று மூன்று வருடம். அப்பா சுவரில் ஓடிய வயரை உரித்து எடுத்தார். பிரச்சினை வயர் இல்லை, பொருத்து. எதைக்கொண்டு வயரையும் வயரையும் சேர்ப்பது? அப்பா முற்றத்தில் சாக்கை விரித்துக் கிடைத்ததையெல்லாம் அதன்மேல் பரப்பினார். வண்டியோடு வந்த பழைய பித்தளை முனைகள், ஒன்றுக்குள் ஒன்று தள்ளிச் செருகுகிறவை, பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. இன்னொரு பக்கம் வீட்டு வயரிங்கில் இருந்து கழற்றிய வெள்ளைக் கனெக்டர்கள்: உள்ளே சின்னப் பித்தளைக் குழாய், இரு முனையிலும் ஒவ்வொரு திருகாணி.

மூன்று நாள் அவர் அந்தச் சாக்குக்கு முன்னால் குந்தியிருந்தார். ஒரு முனையை எடுப்பார், அரத்தால் தேய்ப்பார், செருகுவார், இழுத்துப் பார்ப்பார், எறிவார். பிறகு எறிந்ததைத் தேடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவார். கிட்டப் போனால் அடி விழும் என்று நாங்கள் சுற்றிப் போனோம்.

சித்தப்பா வந்து பார்த்துச் சிரித்தார். அவர் ரேடியோ திருத்துகிறவர்.

“அண்ணை, ரெண்டு வயரையும் முறுக்கி, மேல சைக்கிள் ரியூப்பைச் சுத்திக் கட்டுங்கோ. அலுவல் முடிஞ்சுது.”

“முறுக்கிற வேலை உன்ர ரேடியோவுக்குச் சரி,” என்றார் அப்பா. “இது ஆளை ஏத்திற வண்டி.”

கடைசியில் அப்பா திருகாணிக் கனெக்டரைத் தெரிந்தெடுத்தார். திருகாணி பிடித்தால் பிடித்ததுதான், கையால் முறுக்கியதுபோல விட்டுப்போகாது என்றார். அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சித்தப்பாவிடம் செத்த ரேடியோக்களில் இருந்து உருக்கிச் சேர்த்த ஈயம் கொஞ்சம் இருந்தது. அந்த நாளில் அது பவுண் மாதிரி. வயர் நுனிகளுக்கு அந்த ஈயத்தைப் பூசிவிட்டுத் திருகினால் இன்னும் பலம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். கிடைக்காத சாமானைப் போட்டால் வேலை திறமாயிருக்கும் என்ற நினைப்பு எங்கள் எல்லோருக்கும் இருந்தது. சித்தப்பா அடுப்பில் இரும்புக் கம்பியைக் காய்ச்சி நுனிகளுக்கு ஈயம் ஏற்றினார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். நுனிகள் வெள்ளி மாதிரி மின்னின.

ஈயம் மெத்தென்றிருக்கும். திருகாணியின் கீழ் அது மெல்ல நசிந்து கொடுக்கும், குலுக்கத்தில் பிடி தளரும். வெறும் செம்புக் கம்பியாக விட்டிருந்தால் அதிக நாள் தாங்கியிருக்கும். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று அந்த முற்றத்தில் யாருக்கும் தெரியவில்லை.

கிளப்புவதற்கு ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டிவிட்டால் வண்டி மண்ணெண்ணெயில் ஓடியது. அப்பா கிறவல் ரோட்டில் ஒவ்வொரு நாளும் ஓடிப் பழகினார். ஐந்தாம் நாள் அவர் குளிக்கப் போன நேரம் நான் போய்த் தாங்கிக்குக் கீழே கையை விட்டேன். ஏன் விட்டேன் என்று கேட்டால் தெரியாது. அப்பா தொடாதே என்று சொன்னதுதான் காரணமாயிருக்கும். வயர் என் விரலோடு ஆடியது.

சொன்னால், ஏன் தொட்டாய் என்று அடி. சொல்லாவிட்டால் அம்மா நடுரோட்டில். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்மா இடுப்பில் கை வைக்கும்போதெல்லாம் இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் குசினிக் கத்தியின் நுனியால் நானே திருகாணியை இறுக்கினேன். நன்றாக இறுகட்டும் என்று இன்னும் ஒரு சுற்று. உள்ளே ஏதோ வழுக்கியது. பிறகு திருகாணி சும்மா சுற்றியது. புரி போய்விட்டது.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பா என்று நினைத்தேன். அவா சுளகை நிறுத்தவில்லை.

“அப்பாட்டச் சொல்லாத.”

“அம்மா, அது கழண்டுபோகும்.”

“எனக்கு விளங்குது. நீ அவரிட்டச் சொல்லாத பிள்ளை. சொன்னால் வாயில சூடு போடுவன்.”

அன்று பின்னேரம் அம்மா வயிற்றைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுப் படலையைத் திறந்து போவதைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. மோட்டார் சைக்கிள் பிழை என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவர் திரும்பப் பூட்டியிருப்பார். அதை விட்டுவிட்டு இந்த ஒளிப்பு எதற்கு?

வலி ஒரு காலை, பத்து மணி போல வந்தது. அப்பா ஓடிப்போய்ப் போத்தலில் இருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் தாங்கிக்குள் ஊற்றி, மோட்டார் சைக்கிளை உதைத்து இயக்கிப் படலையில் கொண்டுவந்து நிறுத்தினார். அதே நேரம் எதிர்வீட்டு மாமா வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியை ஓட்டி வந்தார். இரண்டும் எங்கள் படலைக்கு முன்னால் நின்றன. அம்மா நடந்துபோய் மாட்டுவண்டியில் ஏறினா.

அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. “அப்ப நான் என்னத்துக்கு இதைச் செய்தனான்?” என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

“எனக்குப் படுத்துக்கொண்டு போகவேணும். உங்கட மோட்டார் சைக்கிளில படுக்க ஏலுமே? நீங்கள் முன்னால போய் நேர்ஸிட்டச் சொல்லுங்கோ, நான் வாறன் எண்டு.”

அவர் போனார். புழுதியில் அவரைக் காணவில்லை. நான் வைக்கோலில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டிருந்தேன். அது தேய்ந்து தேய்ந்து போனது. தூரமானதால் தேய்ந்ததா, நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. அம்மா என் கையை நெரித்துக்கொண்டிருந்தா. அவாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தா என்று நினைக்கிறேன்.

இரண்டு மைல் தாண்டி, ஒரு பனைக்குப் பக்கத்தில் அப்பாவைக் கண்டோம். முழங்காலில் நின்று தாங்கிக்குக் கீழே கையை விட்டிருந்தார். மாட்டுவண்டிச் சத்தம் கேட்டதும் கையை வெளியே எடுத்து எழும்பினார். விரல்கள் கறுத்திருந்தன. தாங்கிக்குக் கீழே ஒரு வயர் தொங்கியது. அதன் நுனி வெயிலில் மின்னியது.

அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தா. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா:

“எண்ணெய் முடிஞ்சிட்டுதாக்கும். விட்டிட்டு வந்து ஏறுங்கோ.”

அப்பா அவாவைப் பார்த்தார்.

“ஓம். எண்ணெய்தான் முடிஞ்சிட்டுது.”

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் நுள்ளினா. தோல் பிய்ந்தது. எதிர்வீட்டு மாமா மாடுகளைப் பார்த்துக்கொண்டே சற்று அரக்கி இடம்விட்டு, “இப்புடி முன்னால வந்து குந்துங்கண்ணே,” என்றார். அப்பா அவருக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். தோளோடு தோள் முட்டியது. தங்கச்சி அன்று பின்னேரம் பிறந்தாள், உயிரோடு.

ஆனால் எனக்கு அந்த வழி முழுவதும் கோபம்தான் இருந்தது. பெரிய ஆட்கள் இரண்டு பேர் என் முன்னாலேயே பொய் சொல்கிறார்கள். அந்த வயரைக் கையால் முறுக்கிவிட இரண்டு நிமிடம் போதும். அது அவருக்குத் தெரியும், அவாவுக்கும் தெரியும். முறுக்கிவிட்டு முன்னால் போயிருக்கலாம். அதைச் செய்யாமல், பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிளைத் தூக்கிப் பனையோடு சாத்திவிட்டுத்தான் அவர் மாட்டுவண்டியில் ஏறினார். சாத்தும்போது தாங்கிக்குள் எண்ணெய் களகளவென்று அலம்பிய சத்தம் மாடுகளுக்குக்கூடக் கேட்டிருக்கும்.