பூனைக்கு வெச்சிருந்த தேன்

எங்கக்காவுக்குப் பூனைன்னாலே ஆகாது. இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா இப்ப அவளைப் பத்திப் பேசறவங்க எல்லாம் "அடடா, வாயில்லா ஜீவன் மேல என்ன பாசம்"னு உருகறாங்க. பாசமாவது மண்ணாவது. அவ அந்தப் பூனையை வளர்த்தது முழுக்க முழுக்க வஞ்சத்துல. கூடவே இருந்து பார்த்தவ நான், எனக்குத் தெரியாதா?

அக்கா துணி தைக்கிறவ. வீட்டு முன்னறையிலேயே மிஷினைப் போட்டு ரவிக்கை, பாவாடை, ஸ்கூல் யூனிஃபார்ம்னு தைப்பா. நான் பக்கத்துல உக்கார்ந்து காஜா எடுத்து, பட்டன் வெச்சுக் குடுப்பேன். முன்னறைன்னா அது முழு அறை இல்ல, பாதி அறை. மீதிப் பாதி சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கு. அங்க இருக்கறவ அக்காவோட ஓரகத்தி, அதாவது எங்க மாமாவோட அண்ணன் பெண்டாட்டி. அவளுக்கு நானும் அக்காவும் வெச்ச பேரு மகாராணி.

வீட்டைப் பாகம் பிரிச்ச அன்னிக்கு சொந்தக்காரங்க அத்தனை பேரும் உக்கார்ந்திருந்தாங்க. மாமா ரெண்டு ரூம் கேட்டார். அதுக்கு மகாராணி எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா, "உங்களுக்கு எதுக்கு ரெண்டு ரூமு? புள்ளையா குட்டியா, ஓடி விளையாட? எனக்கு ரெண்டு ஆம்பளப் பசங்க இருக்காங்க, எனக்கு வேணும்." ஒருத்தராவது "ஏம்மா இப்படிப் பேசறே"ன்னு கேட்டிருக்கணுமே. ம்ஹூம். மாமா தரையைப் பார்த்தார். அக்கா எழுந்து உள்ள போய்ட்டா. அதுக்கப்புறம் மகாராணிகிட்ட அவ ஒரு வார்த்தை பேசினது கிடையாது.

சுவரை எழுப்பும்போதும் அவ இஷ்டம்தான். ஃபேன் எங்க பக்கம் வந்துடுச்சு, அதோட சுவிட்ச் அவ பக்கம் போயிடுச்சு. வெயில் கொளுத்தற நேரத்துல அக்கா மிஷின்ல உக்காருவா, டக்குனு ஃபேன் நிக்கும். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேக்கும். மாமா வேற வயர் இழுத்துப் போடறதுக்குள்ள அந்தக் கோடையே முடிஞ்சுடுச்சு. அக்கா வேர்வை துணியில சொட்டாம இருக்கக் கழுத்துல துண்டைச் சுத்திகிட்டுத் தெச்சா. பல்லைக் கடிச்சுகிட்டு இருந்தா.

அப்புறம் மகாராணியோட புருஷன் போய்ச் சேர்ந்தார். பசங்க ரெண்டு பேரும் வேலை வேலைன்னு எங்கெங்கயோ போய்ட்டாங்க. அந்தப் பக்கம் மிச்சம் இருந்தது அவளும் அவளோட பூனையும்தான். நல்லாக் கொழுத்த ஆண் பூனை. தெருவே அதைக் குண்டன்னு கூப்பிடும். பால்ல பிஸ்கட்டை ஊற வெச்சு ஊட்டுவா. அவளுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. தினமும் தானே வயித்துல ஊசி போட்டுக்குவா. அதையும் ஏதோ பட்டம் வாங்கின மாதிரி தெருவுல நின்னு சொல்லுவா, "எனக்கு ஊசியெல்லாம் ஒரு விஷயமா"ன்னு.

கொஞ்ச நாளாவே குண்டன் வாளித் தண்ணியில வாயை வெச்சா எடுக்காம குடிச்சுகிட்டே இருந்தது. கண்ட இடமெல்லாம் ஈரம் பண்ணிச்சு. என்ன தின்னாலும் உடம்பு இளைச்சு, முதுகெலும்பு தெரிய ஆரம்பிச்சது. பின்னங்காலை ஊனி நிக்க முடியாம குதிகாலைத் தரையில வெச்சு நடந்தது. மகாராணி டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போனா. திரும்பி வந்ததும் அதை வாசல்ல இறக்கி விட்டுட்டுக் கதவைச் சாத்திட்டா. எதிர்வீட்டுக்காரிகிட்ட அவ சொன்னது எங்களுக்கும் கேட்டது. "இதுக்கும் சர்க்கரையாம். காலையும் சாயந்திரமும் ஊசி போடணுமாம். எனக்கு வேற வேலை இல்லையா? எங்கயாவது கிடந்து சாகட்டும்."

அது நேரா எங்க வாசப்படியில வந்து உக்கார்ந்தது. அக்கா துடைப்பத்தை ஓங்கிட்டா. அந்த நேரம் பார்த்து மகாராணி தன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தா. "விரட்டாதே, நீயே வெச்சுக்கோ. புள்ளையா குட்டியா உனக்கு? பூனைக்காவது ஊசி போட்டுத் தாலாட்டு"ன்னா.

ஓங்கின துடைப்பம் அப்படியே நின்னுது. அக்கா அதைக் கீழ வெச்சா. முகத்தைச் சுளிச்சுகிட்டே குண்டனைத் தூக்கிட்டு உள்ள வந்தா. "அக்கா, உனக்கென்ன பைத்தியமா"ன்னு கேட்டேன். "சாகட்டும்னு சொல்றா இல்ல? அவ கண்ணு முன்னாடியே இதை வாழ வெச்சுக் காட்டறேன்டி, பாரு"ன்னா.

பூனை டாக்டர் சின்னப் பொண்ணு, பொறுமையாச் சொல்லிக் குடுத்தா. மருந்துப் புட்டியை ஃப்ரிட்ஜ்ல வெக்கணும். எடுத்தா குலுக்கக் கூடாது, உள்ளங்கைக்கு நடுவுல மெதுவா உருட்டணும். தோள்பட்டைக்கு நடுவுல தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடிச்சு அதுக்குள்ள குத்தணும். பாலும் பிஸ்கட்டும் அறவே கூடாது, உப்பில்லாம வேக வெச்ச கறிதான். "முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் ஊசி. சாப்பிடலன்னா ஊசி போடாம எனக்கு போன் பண்ணுங்க. வெறும் வயித்துல போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். உடம்பு நடுங்கும், தள்ளாடும், கண்ணு எங்கயோ பார்க்கும். அப்படி ஆனா உடனே ஈறுல தேனைத் தடவிட்டு இங்க தூக்கிட்டு வாங்க"ன்னா. அக்கா ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொல்லிக் காட்டிட்டுத்தான் எழுந்தா.

ஊசின்னா அக்காவுக்கு என்ன பயம், நாள் முழுக்க ஊசியோட குடித்தனம் நடத்தறவ. நான் பூனையைத் துண்டுல சுத்திப் பிடிச்சுக்குவேன், அவ சரக்குனு குத்திடுவா. ஆனா நாள் போகப் போகக் குண்டன் தேறவே இல்ல. திரும்ப டாக்டர்கிட்டப் போனோம். அவ முதுகைத் தடவிப் பார்த்தா, முகர்ந்து பார்த்தா, சிரிச்சுட்டா. "மருந்தெல்லாம் முடியிலதான் இருக்கு. ஊசி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துடுது"ன்னா. தையல்காரி கையாச்சே. மடிச்ச துணியில குத்தினா அந்தப் பக்கம் வந்தாத்தான் அதுக்குத் திருப்தி. எனக்குச் சிரிப்பு தாங்கல. அக்கா என்னை முறைச்சா. வீட்டுக்கு வந்ததும் ரவிக்கைக்கு வெக்கிற ஸ்பாஞ்சை எடுத்து, வெறும் தண்ணி ஏத்தி, பாதியிலேயே கையை நிறுத்தப் பழகினா.

அதுக்கப்புறம் குண்டன் தேறிச்சு. முடி பளபளன்னு ஆச்சு, காலை ஊனி நடந்தது. அக்கா மீந்த துணியில அதுக்கு ஒரு மெத்தை தெச்சு வாசப்படியில போட்டா. எங்க தெரியுமா? மகாராணி கதவைத் திறந்தா நேரா கண்ணுல படற இடத்துல. அவ வெளிய வரும்போதெல்லாம் வேணும்னே சீப்பை எடுத்துகிட்டுப் போய் அதுக்கு வாரி விடுவா. மகாராணி மூஞ்சி போற போக்கைப் பார்க்கணுமே. எனக்கு வயிறு நிறைஞ்சுடும்.

ஒருநாள் காலையில அக்கா தட்டுல கறியைப் போட்டுட்டு மருந்தை உருட்டிகிட்டிருந்தா. மகாராணி வாசல்ல நின்னு, "இன்னும் போய்ச் சேரலையா இது? எதுக்கும் குழி தோண்டி வெச்சுக்கோ"ன்னா. அக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. விறுவிறுன்னு வந்து ஊசியைப் போட்டா. குண்டன் தட்டைத் தொடவே இல்லன்னு அப்புறம்தான் பார்த்தோம். கெஞ்சினோம், கொஞ்சினோம், அது மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. டாக்டர் போனை எடுக்கல. கொஞ்ச நேரத்துல எழுந்து நடந்தது, தள்ளாடி மிஷின் காலுக்கடியில சாய்ஞ்சது. உடம்பு வெடவெடன்னு ஆடுது, கண்ணு எங்களைப் பார்க்கல. அக்கா தேன் பாட்டிலைத் திறந்து விரல்ல எடுத்து எடுத்து ஈறுல தடவினா. "சாகாதேடா. செத்தா அவ சிரிப்பா. சாகாதே"ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. அது மெல்ல அவ விரலை நக்க ஆரம்பிச்சது. டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடினோம். அன்னையிலேர்ந்து அந்தத் தேன் பாட்டில் மிஷின் மேல நூல்கண்டுக்குப் பக்கத்துலயே இருந்தது.

ஸ்கூல் திறக்கற சமயம். யூனிஃபார்ம் மலையாக் குவிஞ்சு கிடந்தது. முற்பகல்ல மகாராணி எங்க வாசலுக்கே சண்டைக்கு வந்துட்டா. குண்டன் அவ படியில போய்ப் படுத்துகிச்சாம்.

"உன் பூனை என் படியில… என் படி… படியில உன்…"

அதுக்கு மேல வரல. முகமெல்லாம் வேர்த்து வழிஞ்சது. கதவு நிலையைப் பிடிச்ச கை நடுங்குது. "ஆரம்பிச்சுட்டா நாடகத்தை"ன்னேன் நான். அப்படியே சரிஞ்சு குண்டன் மெத்தையிலேயே உக்கார்ந்துட்டா. கண்ணு எங்களைத் தாண்டி எங்கயோ பார்த்தது.

மிஷின் சத்தம் நின்னுது. இத்தனை வருஷம் கழிச்சு அக்கா அவகிட்டப் பேசினா. "காலையில ஊசி போட்டுகிட்டீங்களா?"

"ம்"னா.

"சாப்பிட்டீங்களா?"

கை மட்டும் காத்துல எதையோ தேடிச்சு.

எனக்கும் புரிஞ்சுடுச்சு. புரிஞ்சதும் எனக்குள்ள என்ன வந்ததுன்னு மறைக்க மாட்டேன், சந்தோஷம்தான் வந்தது. "அக்கா, நாம எதையும் பார்க்கல. கதவைச் சாத்திட்டு உள்ள வா"ன்னேன், மெதுவா.

அக்கா எழுந்திருக்கல. காலு மிதியிலேயே இருந்தது. சுவரைப் பார்த்தா. மேல சுத்தற ஃபேனைப் பார்த்தா. அப்புறம் மகாராணியைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் அளவெடுக்கற மாதிரி பார்த்தா. கதவைச் சாத்தத்தான் போறான்னு நான் நினைச்சேன். அவ கை தேன் பாட்டிலுக்குப் போச்சு.

பூனைக்குத் தடவின அதே விரலால மகாராணி உதட்டை விலக்கி ஈறுல தேனைத் தடவினா. திரும்பத் திரும்பத் தடவினா. "சர்க்கரைத் தண்ணி கலக்குடி"ன்னு என்னை அதட்டினா. கலக்கினேன். மெதுவாத்தான் கலக்கினேன். முழுங்கற அளவுக்கு நிதானம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்க வெச்சா.

மகாராணிக்குக் கண்ணுல ஆள் தெரிய ஆரம்பிச்சதும் பாட்டிலைப் பார்த்தா. "இது… பூனைக்கு வெச்சதா"ன்னா.

"ஆமா. அவன் நக்கினது போக மிச்சம்"னா அக்கா.

மகாராணி முந்தானையால வாயைத் துடைச்சுகிட்டா. "யாருகிட்டயும் சொல்லிடாதே"ன்னா. என் காதால கேட்டேன், கெஞ்சற குரல்.

"நான் ஏன் சொல்லப் போறேன்? எழுந்து உள்ள வந்து சாப்பிடுங்க"ன்னு தட்டைப் போட்டா அக்கா. அப்புறம் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போய் வந்தா. வந்ததும் நான் பிடிபிடின்னு பிடிச்சேன். "வெக்கமா இல்ல உனக்கு? அவ என்ன பேச்சுப் பேசினா, எல்லாத்தையும் மறந்துட்டியா?" அக்கா காதுலயே போட்டுக்கல, காலரைத் திருப்பித் தெச்சுகிட்டிருந்தா.

மறுநாள் காலையில குண்டன் சாப்பிட்டது, ஊசி போட்டாச்சு. அக்கா கத்திரிக்கோல் கைப்பிடியால சுவத்துல தட்டினா. "சாப்பிட்டாச்சா?"

திரும்பத் தட்டினா. "உங்களைத்தான். சாப்பிடாம ஊசி போட்டுக்கக் கூடாது. நான் அங்க வரணுமா?"

ரொம்ப நேரம் கழிச்சு, "சாப்பிட்டாச்சு"ன்னு வந்தது. தெருவுல நின்னு பேசற அந்தக் குரல் இல்ல அது.

சாயந்திரமும் தட்டினா. அடுத்த நாளும் தட்டினா. அது அப்படியே வழக்கமாயிடுச்சு. எதிர்வீட்டுக்காரி, "உங்கக்கா தங்கமானவ, எல்லாத்தையும் மன்னிச்சுட்டா"ன்னு என்கிட்டயே வந்து சொன்னா. எனக்கே சந்தேகம் வந்து ஒருநாள் கேட்டுட்டேன். "நிஜமாச் சொல்லு. அவ மேல உனக்குப் பாசம் வந்துடுச்சா?"

அக்கா நூலைப் பல்லால கடிச்சு அறுத்தா.

"பாசமா? அன்னிக்குச் செத்திருந்தான்னா அவளுக்கு ஒரே நாள்ல எல்லாம் முடிஞ்சிருக்கும். புள்ளையா குட்டியான்னு கேட்ட வாய்டி அது. இப்ப நான் கேட்டா காலையும் சாயந்திரமும் பதில் சொல்லுது. அவளை அவ்வளவு சீக்கிரம் விட்டுடுவேனா? குண்டனை எப்படி வாழ வெக்கிறேனோ, அப்படியே அவளையும் வாழ வெச்சுக் காட்டறேன்."

சொல்லிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தா, சுவத்துல தட்டினா. மெத்தையிலேர்ந்து குண்டன் தலையைத் தூக்கிப் பார்த்தது. தட்டின சத்தம் அடங்கறதுக்குள்ளயே அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வந்துடுச்சு.