நாலு பேர், நாலு கதவு

இன்று ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில், கார் சர்வீஸ் கவுண்டரில்...

இருங்கள், அந்தக் கார் வந்த வருஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் போனைத் திட்டுங்கள்.)

எங்கள் எஸ்டேட்டின் கடைசி லயத்து வீடுகளை இடித்துவிட்டு, முனியாண்டி சாமியை லோரியில் ஏற்றி சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டு வந்தோமே, அந்த வருஷம். சாமி தலைக்குமேல் பிடித்த குடை காற்றில் பறந்துபோய் செம்பனைத் தோட்டத்துக்குள் விழுந்ததே, அதே வருஷம்தான்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிய நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு புதுக் கார் எடுத்தோம். சின்னசாமி அண்ணன், வீரப்பன், ஆறுமுகம், நான்.

கார் கடனுக்குக் காட்டச் சம்பளச் சீட்டு வீரப்பனிடம் மட்டும் இருந்தது. அதனால் காரின் கிராண்டு, அதான் பதிவுப் பத்திரம், அவன் பேரில்.

லைசென்ஸ் என்னிடம் மட்டும் இருந்தது. அதனால் ஸ்டேரிங் என் கையில்.

நாலு பேருக்கு நாலு கதவு. என் பக்கத்தில் சின்னசாமி அண்ணன். அவருக்குப் பின்னால் வீரப்பன். எனக்குப் பின்னால் ஆறுமுகம். இடம் மாறி உட்கார்ந்ததே இல்லை.

வீரப்பன் போய் ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் அவன் பேர் போட்டு என் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. உறைமேல் இருந்த படம் என் கார் மூக்கில் இருக்கும் அதே படம்.

பக்கத்து வீட்டு அமுதா படித்துச் சொன்னாள்.

"கதவுப் பிடியில கோளாறாம்ணே. அவசரத்துக்கு இழுத்தா திறக்காம போயிருமாம். கொண்டாந்தா சும்மாவே மாத்திக் குடுக்குறாங்களாம். போயிட்டு வாங்க லா."

நான் போகவில்லை. செத்தவன் பேரில் ஓடும் காரைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று காப்பிக் கடையில் ஒருத்தன் சொல்லியிருந்தான். எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வர அந்தக் கார் ஒன்றுதான்.

இரண்டாவது கடிதம் வந்தது. அமுதா விடவில்லை. "பேசாம கெளம்புங்கண்ணே" என்று சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

கவுண்டரில் ஒரு தமிழ்ப் பொண்ணு. ஷாலினி என்று பேர் சொன்னாள்.

"கார் யாரு பேர்ல இருக்கு அங்கிள்?"

"வீரப்பன்."

"அவரு வரலையா?"

"வரமாட்டாரும்மா."

"வேலையா இருக்காரா?"

"எறந்துட்டாரு."

சொல்லிவிட்டு சாவியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். (பிடுங்கினால் ஓடிவிடலாம் என்று. இந்த முட்டியை வைத்துக்கொண்டு!)

அவள் சிரிக்கவில்லை. "இது காருக்குத்தான் அங்கிள், ஆளுக்கு இல்ல. கார யாரும் எடுத்துக்க மாட்டாங்க. பேர மட்டும் சீக்கிரம் மாத்திருங்க. எந்தக் கதவு ஒட்டுது?"

"என் கதவு நல்லாத்தான் இருக்கு."

"மத்த மூணு?"

சாவியை எடுத்து நீட்டினேன்.

மெக்கானிக், ஒரு மலாய்க்காரத் தம்பி, வீரப்பன் கதவைப் பிடித்து இழுத்தான். பிடி கையோடு வந்துவிட்டது. கதவு அசையவில்லை.

"எத்தன நாளா திறக்கலன்னு கேக்குறாரு அங்கிள்."

நாளா? ஆறு வருஷம். ஒரு செவ்வாய்க்கிழமை, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி வாசலில், மழையில் இறங்கினான். "குட வேணாம் மச்சான், இந்தா இருக்கு வாசலு" என்று கதவைச் சாத்தினான். அவ்வளவுதான்.

எஸ்டேட்டில் ஒரு பழக்கம். ஒருத்தன் செத்தால் கருமாதி முடியும்வரை அவன் நெரையில், அவன் பால் வெட்டும் மர வரிசையில், வேறு ஆள் கத்தி வைக்கமாட்டான். அவன் மரங்கள் அத்தனை நாளும் சும்மா நிற்கும்.

நாங்கள் காருக்கும் அதையே வைத்துக்கொண்டோம். முதலில் சின்னசாமி அண்ணன் கதவு. பிறகு வீரப்பன் கதவு. போன தீபாவளிக்கு முன்னால் ஆறுமுகம் கதவு.

கருமாதியெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. திரும்பத் திறக்கத்தான் தோன்றவில்லை.

இதை அந்தப் பொண்ணிடம் எப்படிச் சொல்வது? "ரொம்ப நாளாச்சும்மா" என்றேன்.

இரண்டு மணி நேரத்தில் நாலு பிடியும் புதிது.

"உள்ள ஒரு ஆளு உக்காந்து இழுத்துப் பாக்கணும் அங்கிள். கூட யாரும் வரலையா?"

"இல்லம்மா."

"அப்ப நீங்களே உக்காருங்க."

இத்தனை வருஷத்தில் என் காரில் நான் பின்னால் உட்கார்ந்ததே இல்லை.

ஆறுமுகம் இடத்தில் உட்கார்ந்தேன். என் சீட்டின் முதுகில் இரண்டு பள்ளம். அவன் முட்டி இடித்த பள்ளம். நான் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டு ஓட்டுகிறவன். ஒரு நாள்கூட அவன் வாய் திறந்து சொன்னதில்லை.

சின்னசாமி அண்ணன் இடத்தில் கால் விரிப்பு ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து ஓட்டை. நான் வேகமாகப் போகும்போதெல்லாம் "டேய் மாணிக்கம், மெதுவா போடா" என்பார். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை, காலாலும் பிரேக் போட்டிருக்கிறார். (பிரேக் இல்லாத பக்கத்தில்!)

கடைசியில் வீரப்பன் இடம். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் டிரைவர் முகம் தெரியும்.

இப்போது டிரைவர் சீட்டு காலியாக இருந்தது.

"அங்கிள், இழுங்க" என்றாள் ஷாலினி வெளியிலிருந்து.

இழுத்தேன். திறந்துகொண்டது. இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

திரும்பவும் கவுண்டருக்குக் கூட்டிப் போனாள்.

"இன்னொரு கடுதாசி வந்தா வீரப்பன் அங்கிள் பேருக்குப் போட்டு என்ன புண்ணியம்? வேற யாரு பேர எழுதட்டும்?"

"இது நாலு பேரு காரும்மா."

"சரி அங்கிள். நாலு பேருல இப்ப யாரு இருக்கா? அவங்க பேரச் சொல்லுங்க."

மற்ற மூன்று பேரின் பேரும் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"மாணிக்கம்" என்றேன்.